பிழையைக் கையாளும் முறை

மக்கள் இயற்றிய கருவி எதுவாயினும் அதனிடத்துப் பிழை நேர்தல் இயல்பே. நேர்ந்த பிழையை யாருக்கு, எவ்வளவு அறிவித்தல் வேண்டும் என்பதே ஆராய்தற்குரியது. இணையப் பக்கங்களை ஆக்கும் மொழிகளுள் ஒன்றாகிய பி.எச்.பி.யில் இதற்கென அமைந்த முறையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் 1994-ஆம் ஆண்டில் இயற்றத் தொடங்கி, 1995-இல் வெளியிட்ட மொழி இது. இதில் எழுதிய நிரல் தொலைவிலுள்ள சர்வரில் இயங்க, அதன் விளைவு மட்டுமே படிப்போர் திரையில் தோன்றும். பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பு திறந்திருப்பின், பிழையின் தன்மையும், கோப்பு இருக்குமிடமும், வரியெண்ணும் அத்திரையிலேயே வந்துவிடும். நிரல் எழுதுவோனுக்கு இஃது உற்ற துணை. தீய நோக்குடைய அயலானுக்கோ வீட்டின் உள்ளமைப்பை வரைந்து கொடுத்தது போலாம்.

இக்குறை நீங்குதற்கு, பிழை தோன்றுங்கால் தான் வகுத்த செயற்கூற்றையே அழைக்குமாறு எழுதுவோன் ஆணையிடலாம். அவ்வாணை ‘செட் எரர் ஹாண்ட்லர்’ எனப்படும். அச்செயற்கூறு பிழையின் வகையெண், செய்தி, கோப்பின் பெயர், வரியெண் என்னும் நான்கையும் பெறும். வகையெண் 2 எனின் எச்சரிக்கை; 8 எனின் சிறு குறிப்பு. முழு விவரத்தையும் பதிவேட்டில் எழுதிவிட்டு, படிப்போர்க்குப் பணிவான சொல் ஒன்றை மட்டும் காட்டுதல் இதனால் எளிதாம்.

எனினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, செயற்கூறு தன் வேலையை முடித்து வாளா திரும்பின், நிரல் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். மதிப்பெண் அடங்கிய கோப்பைப் படிக்க இயலாதபோது எழும் எச்சரிக்கையைப் பதிந்ததோடு அமைந்தால், கிடைக்காத மதிப்பெண் எண்ணாக மாற்றப்படுங்கால் சுழியாகும். அம்மாணவன் தேர்வில் தவறினான் என்று திரை கூறவுங் கூடும்! ஆதலின் அத்தகைய எச்சரிக்கையை ‘எக்ஸெப்ஷன்’ ஆக்கி எறிதல் வேண்டும். 2004-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதல் இம்மொழியில் உள்ள எக்ஸெப்ஷன், ஏற்பார் இல்லையெனின் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். பொய்யான விடையினும் விடையின்மை நன்றன்றோ?

இரண்டாவது, நினைவகம் தீர்ந்துபோதல் போன்ற கொடிய பிழைகள் இச்செயற்கூற்றினிடம் வாரா. நிரல் முடியுங்கால் இயங்குமாறு வேறொரு செயற்கூற்றைப் பதிந்துவைத்து, இறுதியாக நேர்ந்த பிழையை அதன் வாயிலாக அறிதல் வேண்டும். 2015-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல், முன்னர் நிரலை மாய்த்த பிழைகள் பலவும் எக்ஸெப்ஷன் போலவே ஏற்கத்தக்கனவாயின.

சிலர் செயற்கூறும் பதிவேடும் வேண்டாவெனப் பிழைச்செய்தியை அடக்கிவிட்டு அமைதியுறுவர். இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்றதே. விவரத்தை அயலார்க்கு மறைத்தல் காவல். தனக்கே மறைத்தல் கேடு. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்தவனே பிழையைக் கையாள வல்லவன் ஆவான்.