மூட்டம் போட்ட நாளில் வேடந்தாங்கல்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையிலிருந்தே ஓரிக்கையில் வானம் மூட்டம் போட்டிருந்தது. வாடைக் காற்று வேறு. "சூரியனையே காணோம், இன்றைக்குப் போட்டோ எடுக்கப் போவதாவது!" என்றாள் என் மனைவி. பையனுக்கோ வாக்குக் கொடுத்தாகி விட்டது. ஆகவே காமிராவையும் குடையையும் எடுத்துக்கொண்டு, பாலாற்றைக் கடந்து, உத்திரமேரூர் வழியாக வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்தோம்.

ஏரி நிறைந்திருந்தது. நீருக்குள் நின்ற கடம்ப மரங்களில் இலைகளைவிடப் பறவைகளே அதிகம். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா எல்லாம் கூடு கட்டிக் குடியேறியிருந்தன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி பெருகியதும் வந்து, குஞ்சு பொரித்து, கோடையில் நீர் வற்றும்போது விடைபெற்றுச் செல்வது அவற்றின் வழக்கம்.

வெயில் இல்லாவிட்டால் படம் விழாது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையன்று. உச்சி வெயிலில் எடுத்த கொக்கின் படம், வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். மூட்டத்திலோ நாலா பக்கத்திலிருந்தும் ஒளி மெதுவாக இறங்குகிறது. ஒவ்வோர் இறகும் தனித்துத் தெரிகிறது. ஆனால் காமிராவை நம்பி விடக்கூடாது. வெளுத்த வானத்தைக் கண்டு ஏமாந்து, எதிரே பறக்கும் நாரையை அது கரிக்கட்டையாக்கி விடும். அப்போது ஒளியைச் சிறிது கூட்டி வாங்க வேண்டும். கரும்பச்சை மரத்தில் வெள்ளைக் கொக்கு இருந்தாலோ சிறிது குறைக்க வேண்டும். பறக்கும் பறவைக்கு வினாடியில் 1000-ல் ஒரு பங்கு வேகம் தேவை. மங்கல் ஒளியில் அது சிரமம். கிளையில் அமைதியாக நிற்பதற்கோ 125-ல் ஒரு பங்கே போதும்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996) நம் நாட்டு வனவிலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்துப் புகழ் பெற்றவர். சாம்பல் நிற நாளைக் கண்டு சோர்கிறவர்கள் அவர் படங்களைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் அறிந்த எனக்கே அன்று ஆசை விடவில்லை. நாரைக் கூட்டம் ஒருசேரப் பறக்கும் படம் வேண்டும் என்றேன். "நான் கை தட்டட்டுமா, அப்பா?" என்றான் பையன். நானும் தலையசைத்து விட்டேன்!

கரையில் நின்றிருந்த உள்ளூர்க் கிழவர் ஒருவர் ஓடி வந்தார். "தட்டாதே, தம்பி! குளிர் நாளிலே தாய் எழுந்து போனால் முட்டை சில்லிட்டுப் போகும். காக்கை வேறு காத்துக்கிட்டு இருக்கு" என்றார். மாணவர்களுக்கு ஜீவகாருண்யம் போதிக்கும் நான் தலை குனிந்தேன்.

அந்தக் கிழவரின் அதட்டலுக்குப் பின்னே இருநூறு வருஷத்திற்கு மேற்பட்ட உரிமை இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது இவ்வூர்க் குடியானவர்களே முறையிட்டார்கள். செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதைப் படிக்காத உழவர்கள் கண்டறிந்திருந்தார்கள். உலகம் அங்கீகரித்து ராம்சர் பட்டியலில் சேர்த்தது 2022-ல்தான்!

பறக்கும் படம் கிடைக்கவில்லை. தூறல் விழுந்தபோது, ஒரு நத்தைகுத்தி நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடித்தது. அந்தப் படம் இன்று எங்கள் கூடத்தில் தொங்குகிறது.

நேயர்களே, மாசி முடிவதற்குள் குடும்பத்தோடு போய் வாருங்கள். வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். கையை மட்டும் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.