ஆயிரம் கினிக் கோப்பை

வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்குக் கலியாண ஊர்வலத்தின் முன்னே செல்லும் பாண்டு வாத்திய முழக்கம் பழகிப்போன ஒன்று. அதை இரைச்சல் என்று சொல்லி ஜன்னலைச் சாத்துவோரும் நம்மில் உண்டு. வெள்ளையர் படைகளோடு இந்நாட்டுக்கு வந்த வாத்தியங்கள் அவை. ஆனால் இங்கிலாந்தில் அவற்றை உயிரெனப் போற்றி வளர்த்தவர்களுள் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளருமே முன் நின்றனர். அவர்களுக்கென்று ஏற்பட்ட தேசியப் பரிசின் வரலாறு, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் நமக்கு இரட்டிப்பு உவகை தருவது. அப்பரிசு வளர்ந்ததில் இருப்புப்பாதைக்கும் பெரும் பங்கு உண்டு.

பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு இந்தியாவின் முதல் பயணி வண்டி புறப்பட்ட ஆண்டு 1853. அதே ஆண்டில் மான்செஸ்டர் நகரத்துப் பெல்வியூ பூங்காவில் பித்தளை வாத்தியப் போட்டி ஒன்று தொடங்கிற்று. முதலில் கலந்துகொண்ட குழுக்கள் எட்டே. ஹல் நகரத்து இசைவாணர் எண்டர்பி ஜாக்சன், ரயில் கம்பெனிகளோடு பேசிக் குறைந்த கட்டணத்தில் ஸ்பெஷல் வண்டிகள் விட ஏற்பாடு செய்தார். தம் ஊரைத் தாண்டி அறியாத தொழிலாளர் வாத்தியமும் கையுமாக வண்டி ஏறினர். அவரே 1860இல் லண்டனின் கிரிஸ்டல் பாலஸ் என்னும் கண்ணாடி மாளிகையில் பெரும் போட்டி ஒன்றை நடத்தினார். அது 1863உடன் நின்றுபோயிற்று.

மீண்டும் அங்கே போட்டி எழுந்தது 1900இல். பெல்வியூப் போட்டியைக் கண்டு மனம் பறிகொடுத்த ஜான் ஹென்றி ஐல்ஸ் என்பவர், புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனின் துணையை நாடினார். கண்ணாடி மாளிகையும் கிடைத்தது. அங்கிருந்த ஆயிரம் கினிக் கோப்பையும் பரிசாயிற்று. ஒரு கினி இருபத்தொரு ஷில்லிங் ஆகையால் அதன் மதிப்பு 1,050 பவுன்! 1870களில் பாடகர் குழுக்களின் போட்டிக்கென வைக்கப்பட்டு, வேல்ஸ் நாட்டுப் பெருங்குழு ஒன்று 1872லும் 1873லும் வென்ற கோப்பை அது. அதை முதலில் வென்ற பாண்டு, டென்டன் ஒரிஜினல். அவ்வாண்டு நவம்பரில் சல்லிவன் காலமானார்.

போட்டியின் முறையை நாம் கூர்ந்து நோக்குதல் தகும். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே உருப்படி. யார் முன், யார் பின் என்பதைச் சீட்டு முடிவு செய்யும். நடுவர்களோ மூடிய கூடாரத்துக்குள் அமர்ந்திருப்பர். வாசிப்பவர் எவ்வூரார், எம்முதலாளியின் ஆலையைச் சேர்ந்தவர் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. நாதம் ஒன்றே அவர்கள் செவிக்கு எட்டும். சிபாரிசுக்கு இடமில்லாத பரீட்சை இது!

தொடக்கத்தில் பிறர் இசைநாடகங்களிலிருந்து தொகுத்தவற்றையே வாசித்து வந்தனர். பித்தளை வாத்தியத்துக்கென்றே புதிதாக இயற்றிய உருப்படி 1913இல் வைக்கப்பட்டது. பெர்ஸி பிளெட்சர் இயற்றிய அதன் பெயர் 'உழைப்பும் அன்பும்' எனப் பொருள்படும். 1928இல் ஹோல்ஸ்டும் 1930இல் எல்கரும் இப்போட்டிக்கென எழுதினர். நாட்டின் தலைசிறந்த இசை மேதைகள் தறிக்காரனுக்கும் கரி வெட்டுபவனுக்கும் எழுதிக் கொடுத்தனர் என்பது சிறிய செய்தியா?

1936 நவம்பர் 30ஆம் தேதி கண்ணாடி மாளிகை தீக்கிரையாயிற்று. போட்டி வேறிடம் பெயர்ந்தது, போரில் தடைப்பட்டது, 1945 முதல் ஆல்பர்ட் மண்டபத்தில் மீண்டும் நடைபெறலாயிற்று. இப்போட்டியில் மிகுதியான முறை வென்ற பெருமை, யார்க்ஷயரில் குவீன்ஸ்பரி என்னும் சிற்றூரின் கம்பளி ஆலையில் வளர்ந்த பிளாக் டைக் குழுவுக்கு உரியது.

வெற்றி பெற்றோர் அனைவரும் வாழ்வு பெற்றனர் என்று எண்ணிவிடலாகாது. செயின்ட் ஹில்டா சுரங்கத்தார் 1912 முதல் 1926 வரை ஐந்து முறை வென்றவர்கள். சுரங்கத் தொழில் நலிந்தபோது வாத்தியத்தையே பிழைப்பாகக் கொண்டனர். வேறு தொழில் செய்து ஓய்வில் வாசிப்பவருக்கே அப்போட்டி உரியது. ஆகவே அவர்களுக்குக் கதவு அடைபட்டது. 1937இல் குழுவே கலைந்தது.

அரைநூற்றாண்டுக்குப் பின் அதே சோதனை கிரைம்தார்ப் என்னும் சுரங்கத்தாருக்கு நேர்ந்தது. 31 சுரங்கங்களை மூடுவதாக 1992 அக்டோபர் 13ஆம் தேதி அரசு அறிவித்தது. ஏறத்தாழ 30,000 பேரின் வேலை அதில் அடக்கம். கிரைம்தார்ப்பும் அப்பட்டியலில் இருந்தது. சில நாட்களுக்குள் அக்குழுவினர் ஆல்பர்ட் மண்டபத்தில் ஏறி வாசித்தனர்; தேசிய விருதை வென்றனர்! கோப்பை சுரங்கத்தைக் காக்கவில்லை. 1993இல் அது மூடப்பட்டது. ஆயினும் பாண்டு கலையவில்லை. 1996இல் இவர்கள் கதையைத் தழுவி 'பிராஸ்டு ஆஃப்' என்னும் திரைப்படம் வந்தபோது, இசையை வாசித்தவர்களும் இவர்களே. 2006லும் 2007லும் மீண்டும் வென்றனர்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். உத்தியோகம் இன்று ஒரு நகரம், நாளை மாற்றல் என்று நம்மை அலைக்கழிக்கும். ஒருநாள் ஓய்வும் தந்து அனுப்பிவிடும். மாலையில் சங்கத்துக் கூடத்தில் நம் பிள்ளைகள் பயிலும் வீணையும் மிருதங்கமும் அப்படி நம்மை விட்டு நீங்குவன அல்ல. மாதச் சந்தா ஒரு ரூபாய் கூடினால் முணுமுணுக்கும் நாம், காசு காசாகச் சேர்த்து வாத்தியம் வாங்கிய அத்தொழிலாளரை நினைத்துக்கொள்வோமாக. பிள்ளைகளைப் பயிற்சிக்குத் தவறாது அனுப்புவோம். இயன்றால் நாமும் உடன் சென்று கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து கேட்போம். அடுத்த முறை தெருவில் பாண்டு வரும்போது ஜன்னலையும் சற்றுத் திறந்து வைப்போம்.