எச்.ஐ.வி. தொற்றும் ஈரலும்

உண்ட உணவின் சாரமும் விழுங்கிய மருந்தும் குடலினின்று முதற்கண் சென்றடையுமிடம் ஈரலே. ஆதலின், வாணாள் முழுதும் மருந்துண்ண வேண்டிய எச்.ஐ.வி. நோயாளர்க்கு அவ்வுறுப்பின் நிலையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இவ்வைரசு நிர்ப்பீடனத்துக்குரிய வெண்குருதிக் கலங்களை அழிப்பது. குடற்சுவரிலுள்ளவை முதலில் அழிதலின், அரண் தளர்ந்த குடலினின்றும் பற்றீரியாக்களின் கூறுகள் வாயினாளம் வழியே ஈரலையடைந்து அழற்சியை மூட்டும். 1996ஆம் ஆண்டளவிற் கூட்டு மருந்துச் சிகிச்சை நிலைபெற, எயிட்சு நோயால் இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. ஆயினும் நெடிது வாழ்ந்தாரிடத்து ஈரல் நோய் தலைதூக்கிற்று. முன்னாளைய மருந்துகளும் இதற்கு ஓரளவு காரணமாயின. ஸ்ரவுடீன் ஈரலிற் கொழுப்புப் படியச் செய்தது. நெவிரபீன் சிலரிடத்துச் சில வாரங்களுள்ளேயே கடுந்தாக்கம் விளைத்தது. இன்றைய மருந்துகள் பெரும்பாலும் ஈரலுக்குச் சாதுவானவை.

எனினும், ஈரல் பழுதுற்றவிடத்து மருந்தையே குறைகூறுதல் முறையன்று. ஈரலழற்சி வைரசுகளான பி, சி என்பனவும் எச்.ஐ.வி. பரவும் வழிகளிலேயே பரவுவன. சி வகையை, 2013இன் பின் வந்த மாத்திரைகள் பெரும்பாலாரிடத்து 8 முதல் 12 வாரங்களில் அறவே நீக்குகின்றன. பி வகையோ அடங்குமேயன்றி எளிதில் அகலாது.

ஈண்டு வியத்தற்குரிய செய்தியொன்றுண்டு. எச்.ஐ.வி.க்கென வழங்கும் ரெனோபோவிர், இலாமிவுடீன் ஆகியன பி வைரசையும் அடக்குவன. இரண்டும் ஆர்.என்.ஏ.யினின்று டி.என்.ஏ.யைப் படியெடுத்தே பெருகுதலின், ஒரு கணை இரண்டையும் தைக்கின்றது. விஞ்ஞான வகுப்பு மாணவர் இதனை எளிதில் உணர்வர். இலாமிவுடீனை மட்டும் நெடுநாட் கொடுப்பின் பி வைரசு அதனை எதிர்க்கும் ஆற்றல் பெற்றுவிடும். ஆதலாற்றான் ரெனோபோவிரும் சேர்க்கப்படுகின்றது.

இடர் விளைவது, உடல் தேறிற்றென்று நோயாளர் தாமே மருந்தை நிறுத்தும்போது. அடங்கியிருந்த பி வைரசு மீண்டும் பெருகி ஈரலைத் தாக்கும், சிலர் உயிரிழத்தலுமுண்டு. வைத்தியர் மருந்தை மாற்றுமிடத்தும் இவ்விடர் நேரலாம். இரு மாதங்களுக்கொருமுறை இடும் கபோரெகிரவிர், ரில்பிவிரீன் ஊசிகள் எச்.ஐ.வி.யை நன்கு அடக்குமாயினும் பி வைரசை அடக்கா. எனவே, சிகிச்சை தொடங்குமுன்னும் மாற்றுமுன்னும் பி வைரசுக்கான குருதிப் பரிசோதனை வேண்டும். ஈரலுக்கு நல்லதென்று எவரோ கூறிய மூலிகைச் சாற்றை உண்பவர் அதனையும் வைத்தியரிடம் மறையாது கூறுதல் நன்று.

பி வைரசு தொற்றாதார்க்குத் தடுப்பூசியுண்டு. எச்.ஐ.வி. உடையாரிடத்து அது சிலவேளை முழுப்பயன் தாராது. அதனால், ஊசிகள் முடிந்தபின் குருதியிற் போதிய பிறபொருளெதிரி உண்டாயிற்றா எனச் சோதித்து, இன்றேல் மீண்டும் இடுவர்.