அழுகுணி ஆட்டம் யாருது?

பி.காம். படித்த எனக்கு டெபிட், கிரெடிட் அத்துப்படி. வாண்டுகள் போடும் கணக்குதான் பிடிபடுவதில்லை.

அக்கா பையனுக்கு வயசு 6. காது சரியாகக் கேட்காது. ரெண்டு காதிலும் ஹியரிங் எய்டு. அன்றைக்கு வில்லிவாக்கத்தில் அக்கா ஃப்ளாட் வாசலில் கிரிக்கெட். பையன் பேட்டிங். ஒன் பிட்ச் கேட்ச்! பின்னாலிருந்து எட்டு பேர் ஒரே நேரத்தில் "அவுட்" என்று கத்துகிறார்கள். நம்மாள் பேட்டை விடவில்லை.

"அழுகுணி ஆட்டம் ஆடறான்டா... இவன் வேணாம்!"

தீர்ப்பு சொல்லியாச்சு. அப்புறம் பத்து நாள் பையன் கீழே இறங்கவே இல்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் மெஷின் மாட்டியிருக்கே?" என்றேன், அவனுடைய பேச்சுப் பயிற்சி டீச்சரிடம்.

"அது மூக்குக் கண்ணாடி மாதிரி இல்லே சார், மாட்டினதும் சரியாக. கிட்டக்க நின்னு ஒருத்தர் பேசினா புரியும். தூரத்திலேர்ந்து கும்பலா கத்தினா வெறும் இரைச்சல்தான்" என்றவர், "புரியலேன்னா சும்மா தலையாட்டறான். 'இன்னொரு தடவை சொல்லு'ன்னு கேட்கப் பழக்குங்க. முதல்லே ஒரே ஒரு பையனோட விளையாடட்டும், கும்பல் அப்புறம். முக்கியமா, மத்த பசங்களுக்கும் சொல்லிக் கொடுங்க... தோளைத் தட்டிக் கூப்பிடணும், முகத்தைப் பார்த்துப் பேசணும், ஒவ்வொருத்தரா பேசணும்."

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்தக் குழந்தைகளுக்குப் பக்கத்து ஸ்கூலில் படிக்க உரிமை தருகிறது. ஆனால், ஆட்டத்தில் சேர்த்துக்கச் சொல்லி எந்தச் சட்டம் போட முடியும்? அதை நாமதான் செய்யணும்.

ஒரு வாரம் வீட்டு ஹாலில் எனக்கும் அவனுக்கும் ஒத்திகை. "நானும் வரட்டுமா?" என்று கேட்கப் பழகினான். அப்புறம் எதிர் ஃப்ளாட் பையனோடு மட்டும் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை வாண்டுகளைக் கூட்டி மாநாடு போட்டேன்.

"டி.வி-யில அம்பயர் அவுட்டுன்னு கத்தறாரா? விரலைத் தூக்கறார். ஃபோர், சிக்ஸர், வைடு எல்லாமே கையாலதான். இனிமே இங்கேயும் அப்படித்தான்!"

அம்பயராக இருக்க அடிதடியே நடந்தது!

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பசங்க ஜோக்கடித்தால் இவன் இன்னும் கடைசியில்தான் சிரிக்கிறான். ஆனால், இப்போது ஒரு பையன் தோளைத் தட்டி, அந்த ஜோக்கை இவனுக்காக மறுபடி சொல்கிறான்.

போன வாரம் இவன்தான் அம்பயர். நான் பேட்டிங். விரலைத் தூக்கிவிட்டான். "பந்து படவே இல்லேடா!" என்று நான் மல்லுக்கு நின்றேன்.

பையன் சத்தமாகச் சொன்னான்:

"மாமா அழுகுணி!"