பர்ஸுக்குள் ஒரு ஓவியக் கண்காட்சி

உங்க பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டை வெளியே எடுங்க. அதைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டையாக ஒரு புத்தகம். உள்ளே மூணு கவிதை, மூணு ஓவியம். ஓவியம்னா மரம், மாடு, முகம் எல்லாம் கிடையாது. கோடு, நிறம், திட்டு, அவ்வளவுதான்.

இப்படி ஒண்ணை நானும் என் ரூம்மேட்டும் போன மாதம் செஞ்சோம். அவனுக்கு ஜூனில் புனேயில் ஜாயினிங். நாலு வருஷத்தில் எடுத்த போட்டோ எல்லாம் போனில்தான் இருக்கு. கையில் எடுத்துக் கொடுக்க ஒண்ணுமே இல்லை. அதனால் ஆரம்பித்த வேலை இது.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒத்துக்கறேன். அரூப ஓவியம்னாலே எனக்கு பயம். "இதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டால் மக்குன்னு நினைப்பாங்களோ என்ற பயம். தமிழ்க் கவிதையிலும் அதே கதைதான். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். செய்யுளை உரையோடு சேர்த்து மனப்பாடம் பண்ணி எழுதியவன் நான்.

எவ்வளவு சின்னது?

அமெரிக்காவில் மினியேச்சர் புக் சொசைட்டி என்று ஒரு அமைப்பு இருக்கு. அவங்க கணக்குப்படி உயரம், அகலம், தடிமன் எதுவுமே 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 76 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கினால்தான் அது மினியேச்சர் புத்தகம்.

தபாலில் போன ஓவியம்

தெற்கு பிரான்ஸில் அலேஸ் என்று ஒரு ஊர். அங்கே பியேர்-ஆந்த்ரே பெனுவா (1921–1993) என்று ஒருவர் இருந்தார். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பி.ஏ.பி.' என்றே அவரைச் சொல்வார்கள். கவிஞர், அச்சடிப்பவர், பதிப்பாளர் மூணும் அவரே. கையால் எழுத்துக் கோத்து, கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சடிப்பார். அவர் செய்த புத்தகங்களில் பல உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். பிகாபியா, மீரோ, பிராக், பிக்காசோ என்று பெரிய பெரிய ஓவியர்கள் அவருக்குப் படம் செய்து கொடுத்தார்கள். ரெனே ஷார் போன்ற கவிஞர்கள் வரிகள் கொடுத்தார்கள்.

சின்ன ஊரில் இருந்துகொண்டு இவங்களை எப்படிப் பிடித்தார்? பிக்காசோ விஷயத்தில் பெனுவா செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. படம் செதுக்க வழக்கமாகச் செப்புத் தகடு வேண்டும். கனம் அதிகம், செதுக்கவும் நேரமாகும். பெனுவா செல்லுலாய்டைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கடிதத்தோடு கவரில் போட்டு அனுப்பினார். செல்லுலாய்டில் கூரான எதை வைத்தும் கீறலாம். கீறிய பள்ளத்தில் மை இறங்கும். மேலே ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் கோடு காகிதத்துக்கு வந்துவிடும். பிக்காசோ கீறித் திருப்பி அனுப்பினால் போதும்.

நம்ம பாஷையில் சொன்னால், புத்தகம் சின்னது என்ற கன்ஸ்ட்ரெயின்ட்தான் இந்த டிசைனையே சாத்தியமாக்கியது. பெரிய தகடாக இருந்தால் கவருக்குள் போகுமா? 1989-ல் அலேஸில் அவர் சேகரிப்பை வைத்து ஒரு மியூசியமே திறந்தார்கள்.

படம் கவிதைக்குக் கோனார் நோட்ஸ் இல்லை

இந்த மாதிரிப் புத்தகங்களில் நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம் இதுதான்: படம் கவிதையை விளக்கக் கூடாது.

இதற்கு நல்ல உதாரணம் சைஸில் சின்னது இல்லை. 1913-ல் பாரிஸில் கவிஞர் பிளேஸ் சான்ட்ராரும் ஓவியர் சோனியா டெலோனேயும் சேர்ந்து செய்த புத்தகம் அது. டிரான்ஸ் சைபீரிய ரயில் பயணம் பற்றிய நீளமான கவிதை. விரித்தால் சுமார் 2 மீட்டர். மடித்தால் கையில் அடங்கும். 150 பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஈஃபில் கோபுரத்தின் உயரம், கிட்டத்தட்ட 300 மீட்டர், வரணும் என்பது திட்டம். வலப்பக்கம் கவிதை. இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை வண்ண வளைவுகள். அதில் ரயிலைத் தேடினால் கிடைக்காது. கடைசியில் சிவப்பில் கோபுரம் மட்டும் தெரியும். ஆனால் கண் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு ஓடுவதிலேயே அந்த வேகம் கிடைத்துவிடும்.

இதைப் படித்த பிறகும் நாங்கள் சொதப்பினோம். என் ரூம்மேட் எழுதிய கவிதை இது:

அம்மா போனில் பேசும்போது
பின்னால் குக்கர் விசில்.
மூன்றாவது விசிலில்
நான் வீட்டில் இருந்தேன்.

நான் பக்கத்தில் என்ன வரைந்தேன்? குக்கர். ஆவியோடு. பார்க்க மூணாங்கிளாஸ் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. கவிதையில் வீட்டு ஞாபகம் இருந்தது. படம் போட்டதும் சமையல் பாத்திரம் மட்டும் மிஞ்சியது. "மச்சி, என் கவிதையைக் கொன்னுட்டடா" என்றான்.

அடுத்த தாளில் குக்கரை விட்டுட்டேன். சாம்பல் நிறத்தில் மூணு செங்குத்துக் கோடு. முதல் கோடு குட்டை, அடுத்தது கொஞ்சம் நீளம், மூணாவது தாளின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடும். அவ்வளவுதான். கவிதையும் படமும் இப்போ ஒண்ணை ஒண்ணு காப்பி அடிக்கலை.

செய்வது எப்படி?

ஏ4 தாளில் செய்தால் ஒரு பக்கம் 74 × 105 மி.மீ. வரும், 3 அங்குலத்தைத் தாண்டிவிடும். அதனால் ஏ4-ஐப் பாதியாக வெட்டி ஏ5 ஆக்குங்க. இப்போ ஒரு பக்கம் சுமார் 52 × 74 மி.மீ.

1. ஏ5 தாளைக் குறுக்காக வைத்து, எட்டுக் கட்டமாக மடித்துப் பிரிங்க: மேலே நாலு, கீழே நாலு.
2. கீழ் வரிசையில் இடமிருந்து வலம் 6, 7, 8, 1 என்று எண் போடுங்க. தாளைத் தலைகீழாகத் திருப்பி, மிச்சமிருக்கும் வரிசையில் இடமிருந்து வலம் 2, 3, 4, 5.
3. நடுவில் இருக்கும் நாலு கட்டங்களுக்கு மத்தியில், படுக்கைவாட்டில் 105 மி.மீ. நீளத்துக்கு மட்டும் கட்டரால் வெட்டுங்க. ஓரம் வரைக்கும் போகக் கூடாது.
4. எழுதி, வரைந்து முடித்த பிறகு நீளவாட்டில் மடித்து, இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளுங்க. கூட்டல் குறி மாதிரி வரும். சுற்றி மடித்தால் புத்தகம். பசை, ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம்.

1 முன் அட்டை, 8 பின் அட்டை. 2-3, 4-5, 6-7 எதிரெதிர்ப் பக்கங்கள்: இடதுபக்கம் கவிதை, வலதுபக்கம் ஓவியம். தாளின் பின்புறம் வெளியே தெரியாது. அதனால் மை ஊறினாலும் பரவாயில்லை. கெட்டியான டிராயிங் ஷீட் மடிப்பில் வெடிச்சிடும். 100 ஜிஎஸ்எம் பேப்பர் எங்களுக்கு சரியாக இருந்தது.

ஒரு வாசகி

போன வாரம் ரூம்மேட் ஊருக்குப் போனபோது புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்திருக்கிறான். கண்ணாடியைப் போட்டு, பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாங்களாம். "இது என்ன படம்?"னு கேட்கவே இல்லை. "மூணாவது கோடு மட்டும் ஏன்டா வெளிய ஓடிருச்சு?"னு கேட்டாங்களாம்.

நான் பயந்து கேட்காமலே இருந்த கேள்வியைவிட இது எவ்வளவு நல்ல கேள்வி! அவன் பதில் சொல்லலை. கவிதையை இன்னொரு தடவை படிச்சுக் காட்டியிருக்கிறான். அம்மா ஒண்ணும் பேசாமல் புத்தகத்தைப் பர்ஸில் வைத்துக்கிட்டு, அடுப்பை அணைக்கப் போயிட்டாங்களாம்.

நீங்களும் ஒண்ணு செஞ்சு பாருங்க. செஞ்சால் ஒரு பிரதியை என் ரூம் கதவுக்கு அடியில் தள்ளிவிடுங்க. தாராளமாக நுழையும்.