‘நீ எதை ஆராய்கிறாய்?’ – இளங்கலை ஆய்வு மாணவர்களும் நம் வீடுகளும்

கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பார்த்தால் நம் உறவினர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். என்ன படிக்கிறாய்? முடித்தால் என்ன வேலை கிடைக்கும்? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாய்? அதை நாம் கேட்பதே இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளங்கலை படிக்கும்போதே மாணவர்களை ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கும் திட்டங்கள் உள்ளன. அப்படித் தேர்வானவர்கள் தங்களைப் பற்றி ஒரு சிறு அறிமுகம் எழுதுவார்கள். கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்வார்கள். பெயர், சொந்த ஊர், படிக்கும் துறை, ஆராய விரும்பும் கேள்வி, வழிகாட்டும் பேராசிரியர், தம் மக்களுக்காகச் செய்துவரும் பணி. அரைப் பக்கத்துக்குள் இவ்வளவும் அடங்கிவிடும். ‘இருபது வயதுப் பிள்ளைக்கு ஆய்வு எதற்கு?’ என்று நினைப்பவர்கள், இத்திட்டங்களில் ஒன்று யார் பெயரால் நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தெற்கு கரோலினா மாநிலத்தில் லேக் சிட்டி என்று ஒரு சிற்றூர். 1959-ல் ரொனால்டு மெக்நேர் என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுவன் அவ்வூர் நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போனான். கறுப்பினத்தவருக்குப் புத்தகம் தரும் வழக்கம் அங்கே இல்லை. போ என்றார்கள்; அவன் போகவில்லை. நூலகர் போலீஸை அழைத்தார். சிறுவனின் தாயாருக்கும் தகவல் போனது. வந்த போலீஸாருக்கோ அங்கே ஒரு குற்றமும் தெரியவில்லை. கடைசியில் புத்தகங்களோடுதான் அவன் வீடு திரும்பினான். பிற்காலத்தில் அவர் 1976-ல் எம்.ஐ.டி.யில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். லேசர் துறை ஆய்வாளரானார். 1984-ல் விண்வெளிக்குச் சென்று வந்தார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறியபோது உயிரிழந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். அன்று அவருக்குப் புத்தகம் மறுத்த நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரிலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது.

அவர் நினைவாக அமெரிக்க அரசின் கல்வித் துறை நிதி தரும் திட்டம்தான் மெக்நேர் திட்டம். அதில் சேரும் மாணவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் வருமானம் குறைந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்களாகவும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவர்களாகவும் இருக்க வேண்டும். நம் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் வாங்கிய வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் சான்றிதழ் கல்லூரிக் கட்டணத்தைக் குறைக்க உதவுகிறது. அங்கே அதே தகுதியை வைத்து, இந்தப் பிள்ளையை முனைவர் பட்டம் வரை கொண்டுபோக என்ன வழி என்று யோசிக்கிறார்கள். பேராசிரியர் ஒருவரை வழிகாட்டியாகத் தருகிறார்கள், கோடை விடுமுறையில் ஆய்வு செய்யப் பணம் தருகிறார்கள், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் கற்றுத் தருகிறார்கள்.

இலக்கியம், வரலாறு போன்ற கலைத் துறைகளுக்கு மெலன் மேஸ் என்ற திட்டம் 1988 முதல் நடக்கிறது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவும் அதில் உள்ளன. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் நடக்கும் லெய்ட்லா திட்டத்தில் ஒரு கோடை முழுக்க ஆய்வு. அடுத்த கோடையில் ஏதாவது ஒரு சமூகத்தோடு களத்தில் இறங்கி வேலை. ஆய்வையும் சமூகப் பணியையும் ஒரே மாணவரிடம் எதிர்பார்ப்பது தற்செயல் அல்ல.

முதலில் ஆய்வைப் பார்ப்போம். ‘எனக்குச் சுற்றுச்சூழலில் ஆர்வம்’ என்று ஒரு மாணவர் சொன்னால் அது பாடத்தின் பெயர்தான். ஆய்வு ஆர்வம் என்பது பதில் தெரியாத ஒரு கேள்வி. வாணியம்பாடியில் வேதியியல் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ‘தோல் தொழிலும் மாசும்’ என்று அவர் தொடங்கினால் எங்கே முடிப்பது என்றே தெரியாது. ‘எங்கள் பகுதிக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் உப்பு எவ்வளவு மாறுகிறது?’ என்று கேட்டால் ஓராண்டுக்குள் செய்யக்கூடிய வேலையாகிவிடுகிறது. இன்னொருவர் வரலாறு படிக்கிறார். அவருடைய நன்னி அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தடையின்றி வாசிப்பார். தாயாருக்கு அந்த எழுத்தே தெரியாது. ஒரு தலைமுறைக்குள் இது எப்படி நின்றது? எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுத் தருவது எப்போது, எதனால் விடுபட்டது? இந்தக் கேள்விக்குச் சான்றுகள் நம் வீட்டு அலமாரிகளிலும் வயதான பெண்களின் நினைவிலும்தான் இருக்கின்றன. அவர்கள் காலம் முடிந்தால் சான்றும் போய்விடும்.

அறிமுகத்தில் வழிகாட்டியின் பெயரைச் சொல்வது மத்ரஸாவில் ஓதியவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. இந்தக் கிதாபை யாரிடம் ஓதினீர்கள் என்று கேட்பது நம் வழக்கம். ஸனது என்பதே உஸ்தாதுகளின் தொடர்தானே! ஒருவரின் அறிவு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்வது அங்கும் மரியாதை, இங்கும் மரியாதை.

அடுத்தது சமூகத் தலைமை. இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குப் பதவியும் பொன்னாடையும் மேடையும் நினைவுக்கு வருவது நம் சமுதாயத்தின் பழக்கதோஷம். மாணவர்கள் சொல்லும் பணிகள் பெரும்பாலும் எளியவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பது, படிப்பறியாத பெரியவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தருவது, மருத்துவமனையில் மொழி தெரியாதவருக்குத் துணை நிற்பது போன்றவை. இதற்கும் ஆய்வுக்கும் என்ன உறவு? தெருவில் வேலை செய்பவருக்குத்தான் தெருவின் கேள்வி புரியும். அதேபோல, தெருவில் திரட்டிய பதிலைத் தெருவுக்கே திருப்பிச் சொல்லும் கடமையும் ஆய்வாளருக்கு இருக்கிறது. ஒருவரைப் பேட்டி எடுக்குமுன் அவருடைய சம்மதம் கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடக் கூடாது. மக்களிடம் வாங்கியதை மதிப்பெண்ணுக்காகக் கல்லூரியில் கொடுத்துவிட்டு மறந்துபோவது அமானிதத்தைப் பாழாக்குவதே.

இதில் சங்கடமும் உண்டு, அதையும் பேசிவிடுவோம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. அந்தத் தொழிலில் முதலாளிகளாகவும் தொழிலாளர்களாகவும் நம்மவர்கள் ஏராளம். நம் கல்விக்கூடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் அந்த வருமானத்திலிருந்து வந்த உதவி சிறிதல்ல. இந்த நிலையில் அந்த மாணவி கிணற்று நீரை அளந்து, கிடைத்த எண்ணை அப்படியே வெளியிட்டால் ஊர் என்ன சொல்லும்? ‘நம்மவர்களையே காட்டிக்கொடுக்கிறாயா?’ என்று கேட்டால் அவர் வாயடைத்துப்போவார். அந்த நேரத்தில் அவர் பக்கம் நிற்க ஜமாஅத்தில் இரண்டு பேராவது இருக்கிறார்களா என்பதில்தான் சமூகத் தலைமை தெரியும். கிடைத்த எண் சரியா என்று இன்னொருமுறை அளந்து பார்க்கச் சொல்லலாம், தவறில்லை. எண்ணை மாற்றச் சொல்லக் கூடாது.

வீட்டுக்குள் வேறு விதமான சிரமம். முதல் பட்டதாரிப் பிள்ளைக்குத் தான் செய்வதை வீட்டாருக்கு விளக்கும் மொழி இல்லை. கல்லூரியில் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசுபவர் வாப்பாவிடம், ‘ஏதோ ப்ராஜெக்ட்’ என்று முடித்துக்கொள்கிறார். வாப்பாவுக்கு அது செலவாகவும் தாமதமாகவும் மட்டுமே தெரிகிறது. பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சும் கூடவே வரும். மேற்படிப்பு நின்றுபோகும் வீடுகள் பலவற்றில் யாரும் கொடுமைக்காரர்கள் அல்லர். என்ன நின்றது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்த அரைப் பக்க அறிமுகத்தை முதலில் தமிழில், உம்மாவுக்குப் புரிகிற சொற்களில் எழுதச் சொல்லுங்கள். உம்மா இரண்டு கேள்வி கேட்டால் அறிமுகம் சரியாக இருக்கிறது. கேள்வியே வரவில்லை என்றால் திருப்பி எழுத வேண்டும்.

நம் நாட்டிலும் வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. பெங்களூரிலும் டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் மாணவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதம் விஞ்ஞானி ஒருவரிடம் தங்கி வேலை கற்கலாம். கலைத் துறை மாணவர்களுக்கு அதுபோல அமைவது அரிது. அவர்கள் தம் பேராசிரியரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியதுதான்.

மஹல்லாக்களில் ஆண்டுதோறும் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குக் கேடயம் கொடுக்கிறோம். அதே மேடையில் கல்லூரியில் படிக்கும் நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கலாம். தமிழில் பேசட்டும்: என் கேள்வி இது, இவரிடம் கற்கிறேன், ஊருக்கு இதைச் செய்கிறேன், எனக்கு இன்ன உதவி வேண்டும். பழைய கிதாபு வைத்திருப்பவர், வீட்டில் கிணறு வைத்திருப்பவர், அந்தத் துறையில் வேலை செய்யும் உறவினர் உள்ளவர் என்று கைதூக்க அந்தக் கூட்டத்திலேயே ஆள் இருப்பார்கள். பேசி முடித்ததும் கேள்வி கேட்க மைக்கை முதலில் பெண்கள் பகுதிக்குக் கொடுத்து அனுப்புங்கள்.