மான்தானே என்று போகாதீங்க!

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் வண்டலூர். அங்கே இறங்கி அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "புலி எந்தப் பக்கம்?" வழியில் மான்கள் தெரிந்தால், "மான்தானே, வாங்க போலாம்" என்று நடையைக் கட்டிவிடுகிறோம். அடுத்த முறை அங்கே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, 1985 முதல் வண்டலூரில் இயங்கும் இந்தப் பூங்காவில் புள்ளிமான், கடமான், வெளிமான், கேளையாடு எனப் பல இனங்கள் உண்டு. சில இனங்கள் ஒரே வெளியில் சேர்ந்து மேயும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பிரித்தறிவது எளிது.

கொம்பைப் பாருங்க

கிளை கிளையாகக் கொம்பு இருந்தால் அது மான். ஆண் மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும். அதனால் கொம்பு இல்லாததெல்லாம் பெண் மான் என்று சொல்லிவிட முடியாது. புதுக்கொம்பின் மேல் மெத்தென்ற தோல் மூடியிருக்கும்.

வெளிமானின் கொம்பு முறுக்கிய திருகுபோல இருக்கும், விழாது. பெயரில் மான் இருந்தாலும் அது மாடு, ஆடுகளின் குடும்பம். பெயரில் ஆடு இருக்கும் கேளையாடோ உண்மையில் மான்! குழந்தைகளிடம் இதை விடுகதையாகவே கேட்கலாம்.

மேய்ச்சலைப் பாருங்க

புள்ளிமான் பெரும்பாலும் புல் மேயும். உருவத்தில் பெரிய கடமான் புல்லோடு இலை தழைகளையும் எட்டிக் கடிக்கும். உணவு ஓரளவு வேறுபடுவதால் ஒரே இடத்தில் இரண்டும் வாழ முடிகிறது. ஆனாலும் பலசாலி ஆண்கள் மற்றவற்றை விரட்டும். அதனால் இப்படிச் சேர்த்து வளர்க்கும்போது தீவனத்தைப் பல இடங்களில் வைக்க வேண்டும். ஒதுங்க மறைவிடமும் வேண்டும்.

இதையே வேலி தடுக்காமல் இயற்கையாகக் காட்டும் இடம், 1978-ல் அறிவிக்கப்பட்ட கிண்டி தேசியப் பூங்கா. அங்கே வெளிமான் திறந்த புல்வெளியை நாடும். புள்ளிமான் மர நிழலையும் சேர்த்துக்கொள்ளும்.

நாம் செய்யக்கூடாதவை

"ஒரே ஒரு சிப்ஸ்தானே" என்று போடாதீர்கள். மான் அசைபோடும் விலங்கு. பாக்கெட்டோடு விழுங்கிய பிளாஸ்டிக் செரிக்காமல் முதல் இரைப்பையிலேயே தங்கி, உணவுப் பாதையை அடைத்து உயிரையே எடுத்துவிடும்.

கைதட்டிக் கூச்சல் போடுவதும் ஆபத்து. மிரண்டு ஓடும் மான் வேலியில் மோதிக் காலை முறித்துக்கொள்ளும். அதிர்ச்சியில் இறப்பதும் உண்டு. உயிரியல் பூங்கா விலங்குகளுக்கு உணவு போடுவது, சீண்டுவது, சத்தமிட்டுத் தொல்லை தருவது, குப்பை போடுவது எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. யாராவது செய்வதைப் பார்த்தால் அருகிலுள்ள பூங்கா ஊழியரிடம் உடனே சொல்லுங்கள்.

கவனத்துக்கு

பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே வந்துவிடுங்கள், உச்சி வெயிலில் மான்கள் நிழலில் படுத்துவிடும். புலியைப் பார்க்கத்தான் போகிறீர்கள், பாருங்கள். போகும் வழியில், காட்டில் அந்தப் புலிக்கே சோறு போடும் மானையும் கொஞ்சம் நின்று பாருங்கள்.